தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள்

"குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை எப்படித் தண்டிக்கலாம்?" நீதிபதிகளை விலைக்கு வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் அரசியல்வாதியின் பெயரை அமெரிக்காவோ பிரிட்டனோ ஐரோப்பிய ஒன்றியமோ தடைப் பட்டியலில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி கிளம்பிவிடுகிறது. கேட்பவர்கள் அந்த அரசியல்வாதியின் ஆட்கள் மட்டும் என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. நேர்மையான வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். மனித உரிமை பேசுகிறவர்கள் கேட்கிறார்கள். இடதுசாரிகளும் தேசியவாதிகளும் ஒரே குரலில் பேசுகிற அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

அவர்கள் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். எதிராளியை நோஞ்சானாகக் காட்டி அடிப்பதில் பெருமை இல்லை. ஒருவரின் வங்கிக் கணக்கை முடக்குவது, விசாவை ரத்து செய்வது, அவரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லாமே தண்டனைதான், பெயர் வேறாக இருந்தாலும். அந்தத் தண்டனையைக் கொடுப்பது நீதிமன்றமல்ல, ஒரு நிதியமைச்சகத்தின் அலுவலகம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. ஆதாரத்தின் பெரும்பகுதி ரகசியக் கோப்பில் கிடக்கிறது. கொடுப்பது வேறொரு நாடு. அதற்கு இந்த நாட்டின்மேல் அதிகாரம் தந்தது யார்? தடை போட்ட பிறகும் அந்த அரசியல்வாதி பதவியில் சௌக்கியமாகவே இருக்கிறார். போடும்போதும் வேண்டியவர்களை விட்டுவிட்டு வேண்டாதவர்களையே பிடிக்கிறார்கள். ஆக அநீதி, அத்துமீறல், பயனின்மை, பாரபட்சம்.

நான்கிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கடைசியில் சொன்னதில் நிறையவே இருக்கிறது. ஆனால் நான்கையும் சேர்த்து அவர்கள் வந்து நிற்கிற முடிவு, "உள்நாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் அவரைத் தொடாதீர்கள்" என்பது, தர்க்கமாகவே நிற்காது.

1. நிரூபிக்கப்படும்வரை நிரபராதி. சரி, எங்கே நிரூபிப்பது?

அந்திரி போர்ட்னோவ் என்ற உக்ரைன் அரசியல்வாதியை எடுத்துக்கொள்வோம். 2006இல் யூலியா திமோஷென்கோ அணியின் நாடாளுமன்ற உறுப்பினர். 2010இல் அப்படியே எதிர்முகாமுக்குத் தாவி, அதிபர் யானுகோவிச் அலுவலகத்தின் துணைத் தலைவர். நாட்டின் நீதித்துறைச் சீர்திருத்தம் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. 2014இல் யானுகோவிச் ஆட்சி கவிழ்ந்தபோது நாட்டைவிட்டு வெளியேறினார். 2019 மே மாதம், ஸெலென்ஸ்கி பதவியேற்கும் நேரத்தில் திரும்பி வந்தார். 2021 டிசம்பர் 9 அன்று அமெரிக்க நிதித்துறை அவரைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. சொன்ன காரணம் சுருக்கமானது: நீதித்துறையைத் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றார், உயர் பதவிகளில் தனக்கு வேண்டிய நீதிபதிகளை உட்காரவைக்கப் பார்த்தார், தீர்ப்புகளை விலைக்கு வாங்க முயன்றார்.

இப்போது அந்தக் கொள்கையை இந்த மனிதருக்குப் பொருத்திப் பாருங்கள். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் "கோர்ட் சொல்லட்டும்" என்றால் அதில் நியாயம் உண்டு. கோர்ட் வேறு, கொலை வேறு. கோர்ட்டையே வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் "கோர்ட் சொல்லட்டும்" என்றால் என்ன அர்த்தம்? தராசுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறது என்பது புகார். அதே தராசில் வைத்துத்தான் அந்தப் புகாரின் எடையைப் பார்க்க வேண்டும் என்கிறார். மற்ற எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் ஒரு விதி, இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் பொருந்தாது. விதி தவறானது என்பதல்ல. அந்த விதி நிற்கும் தரையையே தோண்டி விற்றதாகத்தான் இங்கே குற்றச்சாட்டு.

இன்னொன்றையும் நம் கொள்கைவாதிகள் யோசிப்பதில்லை. போர்ட்னோவ் ஒருவேளை நிரபராதியாகவே இருந்திருக்கலாம். 2025 மே 21 அன்று மாட்ரிட் அருகே ஒரு பள்ளி வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தீர்ப்புகளை வாங்கியதாக அதுவரை எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டித்திருக்கவில்லை. வாழ்நாளில் உக்ரைன் கோர்ட் ஒன்று அவரை விடுதலை செய்திருந்தால் மட்டும் என்ன? அந்த விடுதலையை யார் நம்பியிருப்பார்கள்? விலைபோன நீதிமன்றத்தால் குற்றவாளியைத் தண்டிக்க முடியாது என்பது பாதிதான். நிரபராதியை விடுவிக்கவும் அதனால் முடியாது. "நிரபராதி என்று கொள்" என்ற கொள்கைக்கே உயிர் கொடுப்பது நம்பத்தக்க கோர்ட். அது இல்லாத இடத்தில் அந்த வாசகம் செல்லாத நோட்டு.

பல்கேரியாவின் நிகொலாய் மாலினோவ் கதை இன்னும் சுவாரஸ்யம். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், ரஷ்ய ஆதரவாளர். 2019இல் ரஷ்யாவுக்கு உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு ஜாமீனில் இருந்தார். உளவு பார்த்ததாகச் சொல்லப்பட்ட அதே நாட்டுக்குப் போய், அதிபர் புதின் கையால் நட்புறவு விருது வாங்க வேண்டும் என்று அனுமதி கேட்டார். அந்தோன் மிதாலோவ் என்ற நீதிபதி கொடுத்தார்! 2020 பிப்ரவரியில் அமெரிக்கா அந்த நீதிபதிக்கு விசா கிடையாது என்று அறிவித்தது. 2023 பிப்ரவரியில், பயண அனுமதிக்காக ஒரு நீதிபதிக்கு லஞ்சம் கொடுத்தார் என்று சொல்லி மாலினோவையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. "உள்நாட்டு நடைமுறை முடியட்டும்" என்கிறவர்களிடம் கேட்கிறேன்: எந்த நடைமுறை? அந்தப் பயண அனுமதியும் உள்நாட்டு நடைமுறைப்படி வந்த கோர்ட் உத்தரவுதான்.

இந்தத் தடைச் சட்டங்களுக்கெல்லாம் பெயர் தந்த மனிதரின் கதையும் கோர்ட்டில்தான் தொடங்குகிறது. செர்கேய் மக்னிட்ஸ்கி மாஸ்கோவில் ஒரு வரி ஆலோசகர். 2007இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் சோதனையிட்ட போலீசார் அதன் துணைக் கம்பெனிகளின் முத்திரைகளையும் ஆவணங்களையும் அள்ளிப் போனார்கள். கம்பெனிகள் வேறு பெயர்களுக்கு மாறின. அவற்றின்மேல் போலி வழக்குகள் போடப்பட்டன. அந்தக் கம்பெனிகள் நியமிக்காத வழக்கறிஞர்கள் ஆஜராகிக் கடனை ஒப்புக்கொண்டார்கள். நீதிபதிகள் தீர்ப்புக் கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்புகளைக் காட்டி, லாபமே இல்லை என்று கணக்குச் சொல்லி, கட்டிய வரியில் 23 கோடி டாலர் திரும்பப் பெறப்பட்டது. இதை வெளியே சொன்ன மக்னிட்ஸ்கி சிறையில் அடைக்கப்பட்டு, 2009 நவம்பர் 16 அன்று அங்கேயே செத்தார். 2013 ஜூலையில் மாஸ்கோ நீதிமன்றம் அவரையே வரி ஏய்ப்புக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. குற்றவாளிக் கூண்டு காலியாக இருந்தது. "கோர்ட் தீர்ப்பு வரும்வரை காத்திருங்கள்" என்று சொன்னவர்களுக்கு, வந்த தீர்ப்பு இது.

வக்கீல் நண்பர்கள் இந்த இடத்தில் இடைமறிப்பார்கள் என்று தெரியும். "தர்க்கம் இருக்கட்டும், விசாரணை இல்லாமல் தண்டனை கூடாது" என்பார்கள். கூடாதுதான். ஆனால் இது தண்டனையா?

நம்மூரில் ஒரு கிராம நிர்வாக அலுவலர், பட்டா மாற்ற மூவாயிரம் வாங்கும்போது ரசாயனம் தடவிய நோட்டோடு பிடிபடுகிறார். 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் அவர் தானாகவே பணி இடைநீக்கம். சம்பளம் நின்று பிழைப்பூதியம் வரும். வழக்கு முடிய எட்டு வருடமோ பத்து வருடமோ ஆகலாம். அவர் விடுதலையும் ஆகலாம். அதுவரை அவரை அதே நாற்காலியில் உட்காரவைத்து, அதே பட்டாக்களில் கையெழுத்துப் போடவிட வேண்டும் என்று யாராவது கொடி பிடித்திருக்கிறார்களா? இல்லை. ஏனென்றால் சிறையில் தள்ளுவதற்குத் தேவைப்படும் நிரூபணம் வேறு, முத்திரையை அவர் கையிலிருந்து வாங்கி வைப்பதற்குத் தேவைப்படும் நிரூபணம் வேறு என்பது நமக்குத் தெரியும். மூவாயிரம் வாங்கியவருக்கு ஒரு நியாயம், உச்ச நீதிமன்றத்தையே விலை பேசியதாகப் புகார் உள்ளவருக்கு இன்னொரு நியாயமா?

விசா மறுப்பு என்பது வாசற்கதவை மூடுவது. யாருக்கும் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும் உரிமை கிடையாது. சொத்து முடக்கம் அவ்வளவு லேசானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். பட்டியலில் பெயர் வந்த மறுநாளே உலகத்தின் பெரிய வங்கிகள் ஒதுங்கிக்கொள்ளும். டாலர் ஓடும் வழிகள் அடைபடும். ஆனால் முடக்கம் வேறு, பறிமுதல் வேறு. பணம் அவருடையதாகவே இருக்கிறது, அசைக்கத்தான் முடியாது. பறிமுதல் செய்ய வேண்டுமானால் நிச்சயமாகக் கோர்ட்டுக்குப் போகட்டும், முழு நிரூபணம் வேண்டும் என்று நானும் சொல்வேன்.

குடும்பத்தையும் சேர்த்துத் தண்டிக்கிறார்களே என்பார்கள். அமெரிக்காவின் 7031(சி) என்ற பிரிவு மனைவி, கணவர், பிள்ளைகளுக்கும் விசா மறுக்கிறது. லஞ்சப் பணத்தில் மியாமியில் படிக்கும் பிள்ளையின் மனக்கஷ்டத்தைவிட எனக்குக் கவலைதரும் விஷயங்கள் உலகில் உண்டு. மேலே போவோம்.

2. இறையாண்மை யாருடையது?

"எங்கள் நாட்டு விவகாரத்தில் அந்நியர் தலையிடக் கூடாது." இந்த வாக்கியத்தைக் குவாத்தமாலாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த கொன்சுவேலோ போராஸும் அவருடைய ஆதரவாளர்களும் சொன்ன அளவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

குவாத்தமாலாவில் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்குமான நீதிபதிகளை நாடாளுமன்றம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு தேர்வும் ஒரு சந்தை. 2020 தொடக்கத்தில் அந்நாட்டின் ஊழல் எதிர்ப்பு அரசு வழக்கறிஞர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். குஸ்தாவோ அலெஹோஸ், முன்னாள் அதிபர் கொலோமின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர், ஊழல் வழக்கில் காவலில் இருந்தார். சிகிச்சை என்று மருத்துவமனைக்கு மாறியிருந்தார். அந்த மருத்துவமனை அறைக்கு, நீதிபதிகள் தேர்வோடு தொடர்புள்ளவர்கள் வரிசையாக வந்து போயிருந்தார்கள். தன்னை விசாரிக்கப்போகும் நீதிபதிகளை, விசாரணைக் கைதியே கட்டிலில் படுத்தபடி தேர்வு செய்துகொண்டிருந்தார் என்பது குற்றச்சாட்டு. 2021 ஜூலையில் அமெரிக்கா வெளியிட்ட ஊழல்வாதிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இதற்கிடையே நீதிபதிகள் தேர்வு அப்படியே முடங்கியது. 2019இல் பதவிக்காலம் முடிந்திருக்க வேண்டிய நீதிபதிகள் 2023 நவம்பர்வரை அதே இருக்கைகளில் இருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு என்ன ஆனது? ஊழல் எதிர்ப்புப் பிரிவின் தலைவர் ஹுவான் பிரான்சிஸ்கோ சாண்டோவலை 2021 ஜூலையில் போராஸ் பதவிநீக்கம் செய்தார். சாண்டோவல் அன்றிரவே எல்லை தாண்டினார். பெரிய ஊழல் வழக்குகளை விசாரித்த நீதிபதி எரிகா ஐஃபான் 2022 மார்ச்சில் நாட்டைவிட்டுப் போனார். அதே ஆண்டு நவம்பரில் நீதிபதி மிகேல் ஆங்கெல் கால்வெஸும் பதவி விலகினார், அவருக்கும் நாடு கடந்த வாழ்க்கைதான். அரசு வழக்கறிஞர் விர்ஹீனியா லாபார்ரா சிறைக்குப் போனார். நேர்மையானவர்களை ஒவ்வொருவராக எல்லைக்கு அப்பால் துரத்திவிட்டு, எஞ்சிய கட்டிடத்தைக் காட்டி "இதுதான் எங்கள் நீதித்துறை, இதற்கு மதிப்புக் கொடுங்கள்" என்பதற்குப் பெயர் இறையாண்மையாம்.

குவாத்தமாலா மக்கள் என்ன நினைத்தார்கள்? 2023 ஆகஸ்டில் பெர்னார்டோ அரெவாலோவை அதிபராகத் தேர்ந்தெடுத்தார்கள். போராஸின் அலுவலகம் அந்தத் தேர்தலையே செல்லாததாக்கப் பார்த்தது. வாக்குப்பெட்டிகளைக் கைப்பற்றியது, வென்றவரின் கட்சியை முடக்கியது. அக்டோபர் 2 அன்று டொட்டொனிகபானின் பழங்குடி ஊர்க்கூட்டமைப்பு, நம்மூர்ப் பாஷையில் நாற்பத்தெட்டு ஊர்ப் பஞ்சாயத்து, சாலைகளில் இறங்கியது. தலைநகரில் போராஸின் அலுவலக வாசலில் கூடாரம் போட்டு நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதன்மையாகக் கேட்டது இது: போராஸ் பதவி விலக வேண்டும். இறையாண்மை என்பது ஒரு நாட்டின் மக்களிடம் இருக்கிறது என்றால், அது அந்தக் கூடாரத்தில் இருந்தது, மாடி அறையில் இல்லை.

அந்நியத் தலையீடு என்ற வாதத்தில் ஓட்டை இன்னொன்றும் உண்டு. லஞ்சப் பணம் ஒருபோதும் தேசபக்தியோடு நடந்துகொள்வதில்லை. அது முதல் விமானத்திலேயே லண்டனுக்கோ துபாய்க்கோ புளோரிடாவுக்கோ போய்விடுகிறது. அங்கே வீடு வாங்குகிறது, அங்கேயுள்ள வங்கியில் தூங்குகிறது. "எங்கள் வங்கியை உங்கள் பெட்டகமாக வைத்துக்கொள்ள விடமாட்டோம்" என்று அந்த நாடு சொல்வது தலையீடு அல்ல. அதுவரை பெட்டகமாக இருந்ததுதான் தலையீடு. மேற்கு நாடுகளைக் குறை சொல்ல வேண்டுமானால், தடை போட்டதற்காக அல்ல, இருபது முப்பது வருடம் போடாமல் இருந்ததற்காகச் சொல்லுங்கள். சேர்ந்தே சொல்வேன்.

3. தடையால் என்ன கிழிந்தது?

கேலியாகக் கேட்கிறார்கள், கேலிக்கு இடமும் இருக்கிறது. 2022 மே 16 அன்று, அமெரிக்கா போராஸுக்கு மறுபடியும் தடை அறிவித்த அதே நாளில், அதிபர் ஜியாமத்தேய் அவரை இன்னொரு நான்காண்டுக்கு நியமித்தார். பல்கேரிய அரசியல்வாதி டெல்யான் பெயெவ்ஸ்கி, லஞ்சத்தாலும் செல்வாக்காலும் அரசு நிறுவனங்களைத் தன் கைக்குள் வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டோடு 2021 ஜூனில் அமெரிக்கப் பட்டியலிலும், 2023 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பட்டியலிலும் ஏறினார். 2024இல் தன் கட்சியின் தலைமையிலேயே உட்கார்ந்துவிட்டார். தடை அவரை வீழ்த்தவில்லை. வளர்ந்தார்.

இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. தடை ஒருவரைப் பதவியிலிருந்து இறக்கும் கருவி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஆனால் பூட்டு போட்ட பிறகும் திருடன் ஊரில்தானே இருக்கிறான் என்று யாரும் பூட்டைத் தூக்கி எறிவதில்லை. தடை எங்கே வேலை செய்கிறது என்று பார்க்கத் தலைவரைப் பார்க்கக் கூடாது. அவரைச் சுற்றி இருக்கிற இரண்டாம் வரிசை ஆட்களைப் பார்க்க வேண்டும்.

கீவ் மாவட்ட நிர்வாக நீதிமன்றம் என்று ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்து ஏதோ தாலுகா கோர்ட் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் முடிவுகளை எதிர்க்கும் வழக்குகள் எல்லாம் அங்கேதான் போகும். அமைச்சரவை ஆணையையே நிறுத்திவைக்கும் அதிகாரம் அதற்கு. அதன் தலைவர் பாவ்லோ வோவ்க். தேசிய ஊழல் தடுப்புப் பணியகம் அவருடைய அறையில் ஒட்டுக்கேட்ட உரையாடல்களை 2019இலும் 2020இலும் வெளியிட்டது. வழக்குகளையும் நீதிபதிகளையும் பொம்மைபோல் நகர்த்துவதைப் பற்றிய பேச்சு. 2020இல் அவரை இடைநீக்கம் செய்யக் கேட்டபோது, நீதித்துறையின் உயர் மன்றம் மறுத்தது. அந்தக் கோர்ட்டையே கலைக்கும் மசோதாவை 2021 ஏப்ரலில் ஸெலென்ஸ்கி கொண்டுவந்தார். அவசர மசோதா என்று பெயர். ஒன்றரை வருடத்துக்கு மேல் தூங்கியது. 2022 டிசம்பர் 9 அன்று அமெரிக்கா வோவ்குக்குத் தடை அறிவித்தது. டிசம்பர் 13 அன்று உக்ரைன் நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. இருபது மாதம் நகராத கோப்பு நான்கு நாளில் நகர்ந்தது.

அதேபோல் 2023 டிசம்பர் 8 அன்று குவாத்தமாலாவின் அரசு வழக்கறிஞர்கள், தேர்தல் செல்லாது என்று அறிவிக்கத் துணிந்தார்கள். டிசம்பர் 11 அன்று அமெரிக்கா சுமார் 300 பேரின் விசாவை முடக்கியது. அதில் 100க்கு மேற்பட்டவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அந்த நாடாளுமன்றத்தின் மொத்த இடங்களே 160! டிசம்பர் 14 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பதவியேற்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. விசாவால்தான் இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். தெருவில் உட்கார்ந்திருந்த பழங்குடிகளை அவமதிப்பதாகிவிடும். ஆனால் வார இறுதிக்கு மியாமி போகும் பழக்கமுள்ள நூறு எம்.பி.க்கள் அந்த வாரம் தங்கள் தலைவருக்காக எவ்வளவு தூரம் போகலாம் என்று மறுபடி கணக்குப் போட்டிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அரசியல் அறிவு வேண்டியதில்லை.

பராகுவேயில் இன்னும் வேடிக்கை. 2022 ஆகஸ்டில், ஒரு விசாரணையைத் தடுக்கத் தன் கூட்டாளி மூலம் பத்து லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் தர முயன்றதாகத் துணை அதிபர் ஹூகோ வெலாஸ்கெஸ் மேல் அமெரிக்கா தடை போட்டது. அன்றே அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். துணை அதிபர் பதவியையும் விடுவதாகச் சொன்னார். பிறகு மனம் மாறி அதில் மட்டும் ஒட்டிக்கொண்டார். தடையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வாரத்திலேயே இருக்கிறது.

4. பாரபட்சம்: ஆம். அதனால்?

இங்கேதான் எதிர்த்தரப்பின் கை ஓங்கியிருக்கிறது. மறுக்கப்போவதில்லை. 2025 ஜூலை 30 அன்று அமெரிக்கா, அதே மக்னிட்ஸ்கி சட்டத்தின்கீழ், பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெக்சாந்த்ரெ தெ மொராயிஸை முடக்கியது. லஞ்சம் வாங்கியதாக அல்ல. முன்னாள் அதிபர் பொல்சொனாரோமேல் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கை நடத்தியதற்காக. நீதிபதியைப் பணம் கொடுத்து வளைப்பதும், வங்கிக் கணக்கை முடக்கி வளைக்கப் பார்ப்பதும் ஒரே வேலைதான். கருவி மட்டும் வேறு. நீதிமன்றத்தைக் காக்க எழுதிய சட்டத்தை எடுத்து ஒரு நீதிமன்றத்தை மிரட்டினார்கள்.

ஆனால் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். செப்டம்பரில் பிரேசில் நீதிமன்றம் பொல்சொனாரோவுக்கு 27 ஆண்டு 3 மாதம் சிறை கொடுத்தது. டிசம்பரில் அமெரிக்கா மொராயிஸின் பெயரைச் சத்தமில்லாமல் நீக்கியது. உயிருள்ள நீதிமன்றம் அந்நியத் தடைக்கு வளையவில்லை. ஆக, கண்ணை மூடிக்கொண்டு தடையை எதிர்ப்பதற்குப் பதிலாகக் கேட்க வேண்டிய கேள்வி, அந்த நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை விசாரிக்கத் திராணியுள்ள கோர்ட் இருக்கிறதா என்பதுதான். இருந்தால், தடைக்கு வேலை இல்லை.

இதே அளவுகோலால்தான் உக்ரைன் அரசு 2025 பிப்ரவரியில் செய்ததையும் நான் ஏற்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பொரொஷென்கோ, தொழிலதிபர் கொலொமொய்ஸ்கி ஆகியோரோடு கொன்ஸ்டான்டின் ஜெவாகோ மீதும் ஸெலென்ஸ்கி ஆணையால் தடை போட்டார். ஜெவாகோ இருபது வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 2023 மே மாதம் உக்ரைன் உச்ச நீதிமன்றத் தலைவர் க்னியாசேவ் கைதானாரே, 27 லட்சம் டாலர் லஞ்சப் புகார், அந்தப் பணம் ஜெவாகோவுக்குச் சாதகமான தீர்ப்புக்காக என்பது ஊழல் தடுப்புப் பணியகத்தின் குற்றச்சாட்டு. ஜெவாகோ மறுக்கிறார். குற்றச்சாட்டு கனமானதுதான். ஆனால் 2019 முதல் அங்கே ஊழல் வழக்குகளுக்கென்றே தனி உயர் நீதிமன்றம் இயங்குகிறது. உச்ச நீதிமன்றத் தலைவரையே பிடித்து நிறுத்தும் புலனாய்வு இருக்கிறது. அப்படியிருக்கத் தன் சொந்தக் குடிமகனை, அதிலும் அரசியல் போட்டியாளரை, கையெழுத்து ஒன்றால் முடக்குவது எதற்கு? அந்நிய நாடு தன் கதவை மூடலாம். ஒருவரின் சொந்த அரசு, அவர் வீட்டுக்குள் இருக்கும்போதே, கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு போய்ப் பூட்ட முடியாது.

பாரபட்சத்துக்கு மருந்து, பட்டியலைக் கிழிப்பதல்ல. பட்டியல் போடுகிறவரைக் கோர்ட் வாசலுக்கு இழுப்பது. அது நடக்கக்கூடியதுதான் என்பதற்குச் சாட்சி நமது போர்ட்னோவே. 2014 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் அவர் சொத்துகளை முடக்கியது. லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பியப் பொது நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். உக்ரைன் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் கடிதம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய முடியாது என்று 2015 அக்டோபரில் அந்த நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தமில்லை. விலைபோகாத ஒரு கோர்ட் முன்னால் நின்று அவர் ஜெயித்தார். அதற்கு மரியாதை உண்டு. விசாரணை கேட்கிறவர்கள் இந்த வகை விசாரணையைக் கேட்கட்டும்: தடை போட்ட அரசு தன் ஆதாரத்தைத் தன் நாட்டு நீதிபதி முன்னால் காட்ட வேண்டும், காரணம் எழுத்தில் வர வேண்டும், குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை வேண்டும். கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

பெயரைச் சேர்க்கும்போது மட்டுமல்ல, எடுக்கும்போதும் காரணம் கேட்க வேண்டும். ஹங்கேரி அமைச்சர் அந்தால் ரோகான் 2025 ஜனவரி 7 அன்று ஊழல் குற்றச்சாட்டில் அமெரிக்கப் பட்டியலில் சேர்க்கப்பட்டார். ஏப்ரல் 15 அன்று, அமெரிக்க வெளியுறவு நலனுக்கு ஒத்துவரவில்லை என்ற விளக்கத்தோடு பெயர் எடுக்கப்பட்டது. பராகுவேயின் முன்னாள் அதிபர் ஹொராசியோ கார்டெஸின் பெயரும் அதே ஆண்டு அக்டோபரில் காணாமல் போனது. ஜனவரியில் ரோகான்மேல் சொன்னது பொய் என்று ஏப்ரலில் யாரும் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. ஒருவரின் பெயரை நிரூபிக்காமல் சேர்ப்பது அநீதி என்று மேடைபோட்டவர்கள், நிரூபிக்காமல் நீக்கிய அந்த ஏப்ரல் 15 அன்று எங்கே போயிருந்தார்கள்?